பேராதனையில் ஓராண்டு

சென்ற புரட்டாதி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வீட்டு விறாந்தையில் அமர்ந்து மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். படலையடியில் துவிச்சக்கர வண்டியின் மணியோசை கேட்டது. நிமிர்ந்து நோக்கினால், முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் கையிற் சிறு பொதியோடு நிற்கிறான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் முதலாண்டை முடித்துக்கொண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான்.

அன்று என் மடியிற் கிடந்த கட்டுரைகளின் தலைப்பு, "கடந்த ஆண்டில் என் நெஞ்சில் நிலைத்தவை" என்பது. நாற்பது பிள்ளைகளுள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் கல்விச் சுற்றுலாவையும், விளையாட்டுப் போட்டியையும், பரிசளிப்பு விழாவையும் ஒரே அச்சில் வார்த்தாற்போல எழுதியிருந்தனர். குற்றம் அவர்களுடையதன்று. அப்படியொரு தலைப்பைக் கொடுத்துவிட்டு, "புள்ளி இருபத்தைந்து" என்று கரும்பலகையில் எழுதிய என்னுடையதே. சலிப்போடு தாள்களை மூடி வைத்துவிட்டு வந்தவனிடம் கேட்டேன்: "நீ எழுதுவதானால் இதற்கு என்ன எழுதுவாய்?"

அவன் சிரித்தான். "புள்ளி போடுவீங்களோ சேர்?"

"போடமாட்டேன்."

"அப்ப சொல்லலாம்."

அன்று விளக்கு வைக்கும் நேரம் கடந்தும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவற்றிற் சிலவற்றையே ஈண்டு எழுதுகிறேன். பல்கலைக்கழகம் செல்லக் காத்திருக்கும் பிள்ளைகளும், பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டிலிருந்து ஏங்கும் பெற்றோரும் படிக்கத் தக்கவை அவை என்பது என் எண்ணம். எழுதுவதற்கு அவன் சம்மதமும் பெற்றுள்ளேன். பெயர் வேண்டாம் என்பது மட்டுமே அவன் விதித்த நிபந்தனை.

அவனுடைய வீட்டை நான் அறிவேன். வலிகாமத்துச் செம்மண் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மாறிமாறிப் பயிரிடும் குடும்பம். காணி பெரிதன்று, அதிலும் பாதி குத்தகை. மகன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி வந்த கிழமையிலேயே தாயார் தம் கைக்காப்பு இரண்டையும் அடைவு வைத்துவிட்டார். மடிக்கணினி இல்லாமல் இக்காலத்துப் படிப்பு நடவாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாழ்த்துச் சொல்ல நான் போயிருந்தபோது, வெறுங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவர் தேநீர் தந்தார். அவர் மூடியதனாலேயே நான் கவனித்தேன்.

"முதலில் ஆறு, சேர்" என்று தொடங்கினான் பையன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஆறு என்பது புத்தகத்துச் சொல். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று பெயரளவில் ஒன்று உண்டு. மாரியில் மழை கொட்டினாற் சில நாள் ஓடும், மற்றைய மாதங்களில் அதன் படுக்கையில் ஆடுமாடு மேயும். பெய்த மழை சுண்ணக் கல்லின் வெடிப்புக்களால் இறங்கி நிலத்தடியில் தங்க, அதனைக் கிணறு வெட்டி இறைத்துக் குடிப்பதும் பயிர் செய்வதுமே எம் வாழ்வு. அவ்வாறு வளர்ந்த ஒருவன் மகாவலிக் கரையிற் போய் இறங்கினால் எப்படியிருக்கும்? 335 கிலோமீற்றர் நீளம், இலங்கையின் நதிகளுள் தலையாயது. அவன் போனதோ ஆடி மாதம். மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழைக் காலம்.

முதல் நாள் இரவு ஆற்றின் அருகே நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறான். பின்னாற் கேட்ட இரைச்சலை, "அங்க மழையோ?" என்று தாயார் கேட்டாராம்.

"மழை இல்லை அம்மா. ஆறு."

சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "இரவிலயும் ஓடுமோ?" என்று கேட்டிருக்கிறார்.

தந்தையாருக்கு வேறு கவலை. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று அவர் கேட்டார். கிழக்கே போய்க் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது என்று மகன் சொன்னான். கண்டிக்கு அப்பாற் பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு கட்டிய அணையினால் ஒரு பங்கை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கவழியே வடக்குப் பக்கமாக வறண்ட பிரதேசத்து வயல்களுக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் சொன்னான். "வடக்கெண்டால், எங்க மட்டும் வருது?" என்று கேட்டாராம் அந்தத் தோட்டக்காரர். கலாவாவிப் பக்கம் வரையில் என்று மகன் சொல்ல, "அங்கால வராதோ" என்று மெல்ல ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ நாள் நினைத்து நினைத்துச் சிரித்ததாகவும், சில நாள் சிரிக்க முடியவில்லை என்றும் அவன் சொன்னான்.

அடுத்து அவன் சொன்னவை சொற்களைப் பற்றியவை. விடுதியறையில் அவனோடு சேர்ந்திருந்தவன் அம்பாந்தோட்டை மாவட்டத்தில், திஸ்ஸமகாராமைக்கு அண்மையில் உள்ள ஒரு கிராமத்தவன். வயல் செய்யும் குடும்பத்துச் சிங்களப் பிள்ளை. இவனுக்குச் சிங்களம் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலமோ இருவரையும் சமமாகவே வதைத்தது.

முதற் காலை உணவுக்குப் போனபோது "பொல் சம்பல்" இருக்கிறது என்று நண்பன் உற்சாகமாகச் சொன்னான். எங்கள் ஊரிற் பொல்லு என்றால் கிழவர் ஊன்றும் தடி. தடியிற் சம்பலா என்று இவன் திகைத்து நிற்க, இலையில் வந்து விழுந்தது தேங்காய்ச் சம்பல்! சிங்களத்திற் பொல் என்பது தேங்காய். கடைக்காரர் இவனை "மல்லி" என்று கூப்பிட்டார். மல்லி எங்கள் வீட்டில் இரசத்துக்கு இடுவது, சிங்களத்தில் தம்பி. மூத்த மாணவர்களைப் பார்த்து எல்லாரும் "அய்யா, அய்யா" என்று அழைக்கக் கேட்டு, இவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளைகளா என்று வியந்தானாம். அது அண்ணன் என்னும் பொருளில் என்று தெரியப் பத்து நாளாயிற்று. அம்மாவும் அக்காவும் மட்டும் இரு மொழியிலும் இடம் மாறாமல் இருந்தார்கள்.

இவையெல்லாம் வேடிக்கை. இனி அவன் சொன்னது வேடிக்கையன்று.

க.பொ.த. உயர்தரம் வரை அவன் கற்றது முழுவதும் தமிழில். மூலமும் அமிலமும் மூலக்கூறும் பிணைப்பும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் அந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்க முடியாது. ஆனால் விரிவுரை மண்டபத்தில் அவையெல்லாம் வேறு பெயர் பூண்டு வந்தன. தெரிந்த மனிதரை முகமூடியோடு கண்டால் எப்படித் தடுமாறுவோமோ அப்படித் தடுமாறினான். விரிவுரையாளர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதக் கை ஓடவில்லை. எழுத்துக் கூட்டி முடிக்குமுன் அடுத்த வாக்கியம் போய்விடும். ஆகவே ஒரு தந்திரம் செய்தான். காதில் விழுந்த ஆங்கில ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டே போனான். பொருள் இரவில் இருந்து பார்க்கலாம் என்று எண்ணம். இரவில் இருந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது! "பேஸ்" என்று எழுதியிருப்பான். அது மூலமா, அவத்தையா? "கேஸ்" என்றிருக்கும், வாயுவா, வேறொன்றா? நம் நெடுங்கணக்கிற் ககரமும் பகரமும் ஒவ்வொன்றே. பிறமொழி ஒலிகளை வேறுபடுத்திக் காட்ட அவை அமைந்தவையல்ல என்பதை நான் வகுப்பில் இலக்கணமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவன் அதனைக் கண்ணீரோடு கற்றான்.

யாருக்கும் இதனை அவன் காட்டவில்லை. கூட இருப்பவன் பார்த்துச் சிரிப்பான் என்று கொப்பியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். புரட்டாதியில் நடந்த முதற் சிறுபரீட்சைகள் இரண்டிலும் புள்ளி மிகக் குறைவு. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால், "எல்லாம் சுகமோ, படிப்பு எப்படி?" என்ற கேள்வி. "நல்லாப் போகுது அம்மா." இந்த ஒரு பொய்யை நாள்தோறும் சொல்வது பரீட்சையைவிடப் பாரமாயிற்று என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். மேசை மேலிருந்தவற்றையெல்லாம் வாரிப் பைக்குள் திணித்தான். ஊருக்குப் போய்த் தந்தையோடு தோட்டத்தில் நிற்பது, மடிக்கணினியை விற்றுக் காப்பை மீட்பது, திட்டம் அவ்வளவே. கலஹாச் சந்திக்கு வந்து கண்டிக்குப் பஸ் எதிர்பார்த்து நின்றான். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு வண்டி.

அப்போது தூரத்தில் நண்பன் மூச்சிரைக்க ஓடி வருவதைக் கண்டான். தன்னைத் தடுக்க வருகிறான் என்றே நினைத்து, சொல்ல வேண்டிய பதிலையும் மனத்திற் கூட்டி வைத்துக்கொண்டானாம். வந்தவன் கையை நீட்டி, அரைகுறை ஆங்கிலத்திற் கேட்டது வேறு: "என் கொப்பியைத் தந்துவிட்டுப் போ! திங்கட்கிழமை பரீட்சை!"

இரண்டு பேருடையதும் ஒரே நிறத்து மட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகள். அவசரத்தில் இவன் இரண்டையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பையைத் திறந்து எடுத்தார்கள். எது யாருடையது என்று பார்க்க விரித்தார்கள். ஒன்றிலே ஆங்கில விரிவுரை முழுவதும் தமிழ் எழுத்தில். மற்றதிலே அதே விரிவுரை, அதே நாள், அதே வாக்கியங்கள், சிங்கள எழுத்தில்.

"சேர், அவனும் ஒளிச்சுத்தான் வைச்சிருந்தவன். நான் தலையணைக்குக் கீழ, அவன் புத்தகங்களுக்குப் பின்னால. அண்டைக்குத்தான் மேசையில மறந்துபோய் விட்டவனாம்."

பஸ் வந்தது, போயிற்று. இருவரும் சந்தியில் ஒரு மதகின் மேல் அமர்ந்து ஒருவர் மாறி ஒருவர் உரக்கப் படித்தார்கள். சிங்கள எழுத்தில் ககரத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் வேறு வேறு வடிவங்கள் உண்டு; பகரத்துக்கும் அப்படியே. ஆகவே நண்பன் கொப்பியிற் சொற்கள் தெளிவாக நின்றன. ஆனால் அவன் எழுதுவது ஆறுதலாக. பாதி வாக்கியங்கள் நடுவில் அறுந்து கிடந்தன. இவன் எழுதுவது வேகமாக. ஒலி மயங்கினாலும் வாக்கியம் முழுதாக இருந்தது. இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்தால் விரிவுரை திரும்ப உயிர்பெற்று எழுந்தது! இருட்டும் வரை அங்கேயே இருந்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினார்கள். பையை இருவரும் ஆளுக்கொரு பிடியிற் பிடித்துக்கொண்டு போனார்களாம். அன்று நண்பன் அவனைப் போகாதே என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன்பின் இரவுகளில் அந்த அறையில் இரட்டை வாசிப்பு நடந்தது. எழுத்தில் அவன் உதவினான். கணக்கில் இவன் உதவினான். முதலாம் அரையாண்டுப் பரீட்சையில் இருவரும் தேறினார்கள் என்று எழுதினால் கதை அழகாக முடியும். உண்மை என்னவெனில், நண்பன் எல்லாப் பாடத்திலும் தேறினான்; இவன் ஒன்றிலே சறுக்கி, மீண்டும் எழுதித்தான் கரையேறினான்.

இந்த இடத்தில் என் கதையையும் சிறிது சொல்ல வேண்டும். நானும் பேராதனையிற் பயின்றவனே. நான் போன ஆண்டு 2002. அதற்கு முன் பல ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தார் தெற்கே போவதென்றால் திருகோணமலைக்குக் கப்பல், அன்றி இரத்மலானைக்கு விமானம். அவ்வாண்டு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறக்கப்பட்டது. கண்டிக்கு ஏறத்தாழ 320 கிலோமீற்றர். முகமாலையில் இறங்கிச் சோதனை, ஓமந்தையில் இறங்கிச் சோதனை. பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து. அம்மா கட்டித் தந்த பனங்கட்டியை எத்தனை கைகள் புரட்டிப் பார்த்தன என்று கணக்கில்லை. அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் விடுதியில் எம்மவரோடே இருந்தோம், எம்மவரோடே உண்டோம். 2006 இல் அவ்வீதி மறுபடியும் மூடப்பட்டபோது, அப்படியிருந்ததே புத்திசாலித்தனம் என்றும் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த அறையிற் சிங்கள மாணவன் ஒருவன் இருந்தான். நான் குளிக்கப் போகும்போது முணுமுணுக்கும் தமிழ்ப் பாட்டொன்று அவனுக்குப் பிடித்துவிட்டது. ஒருநாள் இரவு தாளும் பேனாவும் கொண்டு வந்து, பாட்டின் பொருளைச் சொல்வாயா என்று கேட்டான். நாளைக்கு வா என்றேன். மறுநாளும் வந்தான். நான் உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லும்படி நண்பனிடம் சொன்னேன். காரணம் ஒன்றும் இல்லை. பயமென்றும் சொல்ல முடியாது; பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பையன் மதகில் இருந்து கொப்பி படித்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கேட்டது அந்தக் கதவு தட்டும் சத்தம்.

போகட்டும். அவனுடைய நினைவுகளுக்கு வருவோம்.

பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய மலைச்சாரலிற் குறிஞ்சிக் குமரன் ஆலயம் உண்டு. அங்கு பயின்ற தமிழ் மாணவர் எவரும் மறவாத இடம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இவன் புறப்பட, ஒருநாள் நண்பனும் கூட வந்தான். சந்நிதியில் வேலைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இது எங்கள் ஊர்த் தெய்வமல்லவா!" என்றானாம். அவனுடைய ஊரிலிருந்து கதிர்காமம் கூப்பிடு தூரம். கதிர்காமத் தெய்யோ என்று சிறுவயதிலிருந்தே கும்பிட்டவன். இவனோ, தன் பாட்டியார் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன். பாட்டியார் நடந்து முடித்த இடத்திலிருந்து இவன் புறப்பட்டு வந்திருக்கிறான் என்று பையனுக்குத் தோன்றிற்று. சர்க்கரைப் பொங்கலை நண்பன் மூன்று முறை வாங்கி உண்டதையும் சொல்லாமல் விடவில்லை.

சரச்சந்திர திறந்தவெளியரங்கிற் பார்த்த "சிங்கபாகு" நாடகத்தை வெகுநேரம் வருணித்தான். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர எழுதி 1961 இல் முதன்முதல் மேடையேறிய நாடகம் அது. அவர் சிங்கள நாடகத்துக்குப் புத்துயிரூட்ட எடுத்தாண்ட நாடகம வடிவத்துக்கும் எங்கள் கூத்துக்கும் உறவு உண்டு. அதே பேராதனையிலே, 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் "கர்ணன் போர்", "இராவணேசன்" எனப் புதிய மேடைக்குக் கொணர்ந்தார். இவற்றையெல்லாம் நான் விளக்கத் தொடங்கினேன். ஆசிரியன் குணம் போகுமா? பையன் பொறுமையோடு கேட்டுவிட்டு, "எனக்கு அதெல்லாம் அப்ப தெரியாது சேர்" என்றான். மரத்தடிச் சரிவில் இருந்து பார்த்தார்கள். நண்பன் காதோடு காதாகக் கதை சொன்னான். தந்தையான சிங்கத்தின் மீது மகன் அம்பெய்கிறான். மகன் மேலுள்ள அன்பு உள்ளத்தில் இருக்கும் வரையும் அம்பு சிங்கத்தைத் தைக்கவில்லை. அந்தக் கட்டத்திலே தன் தந்தையின் நினைவு வந்துவிட்டதாகச் சொன்னான். ஏனென்று நான் கேட்கவில்லை.

ஆனால் தந்தை பற்றிய நினைவு ஒன்றை அவனே சொன்னான். மகாபொலப் புலமைப்பரிசிலின் முதற் பணம் கார்த்திகையில் வந்து சேர்ந்தது. 1981 இல் தொடங்கப்பட்ட அந்த நிதியத்தால் எத்தனை வீடுகளில் அடுப்புப் புகைந்தது என்பது அவ்வீடுகளுக்குத் தெரியும். பணத்தைக் காப்புக்கு வட்டி கட்டும்படி தாயார் சொல்லியிருந்தார். வட்டி கட்டினான், மிஞ்சிய சிறு தொகையில் கண்டி நகரிலே தந்தைக்கு ஒரு சுவெற்றர் வாங்கினான். யாழ்ப்பாணத்துக்குச் சுவெற்றர்! வீட்டிற் பொதியைப் பிரித்ததும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பேராதனைக் குளிரில் இருந்து வாங்கியதால் ஊர் வெயில் மறந்துபோயிற்று என்று இவனும் நாணினான். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

மார்கழியில், திருவெம்பாவைக் காலத்து ஒரு விடியற்காலை. சங்கொலி கேட்டு விழித்தவன் முற்றத்துக்கு வந்தான். பனி மூடிக் கிடந்தது. தோட்டத்துப் பக்கம் நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை. வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றிற் கால் புதைய, மண்வெட்டியால் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தார் தந்தையார். மேலே அந்தச் சுவெற்றர், கழுத்துவரை பொத்தான் பூட்டி! இவனைக் கண்டதும், "பனிக்கு நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். "அந்த ஆண்டில எனக்குக் கிடைச்ச பெரிய பரிசு அதுதான் சேர்" என்றான். பரிசு கொடுத்தவன் அவனல்லவா என்று நான் கேட்டதற்கு மறுமொழி இல்லை.

காப்பு இன்னும் மீளவில்லை. இவ்வாண்டு வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்தால் மீளும்.

கடைசியாக ஆவணி. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு நண்பன் யாழ்ப்பாணம் வந்தான். தேர் பார்த்தான், மேலாடையின்றி வீதியில் நின்றதில் முதுகு வெயிலிற் கன்றிப் போயிற்று. ஒடியற் கூழ் குடித்து மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய, இன்னும் கொஞ்சம் என்று பாத்திரத்தை நீட்டினான். தாயாருக்கு அவன் பேச்சு விளங்கவில்லை. ஆனால் அவன் "அம்மா" என்றழைத்தது விளங்கிற்று. இரண்டாம் நாள் காலையில் அவன், "இங்கே ஆறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டானாம். அறையில் இரவெல்லாம் ஆற்றின் பெருமையையே பேசியவனுடைய ஊரில் ஆறில்லை என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

பையன் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்க் கீழே காட்டினான். பின் புத்தூர் நிலாவரைக்கும் கொண்டுபோனான். மேலே நன்னீரும், ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் அந்தக் கேணியை நண்பன் நெடுநேரம் குனிந்து பார்த்திருந்துவிட்டு, "அப்படியானால் உங்கள் ஆறு படுத்திருக்கிறது" என்றானாம். கிணற்று நீரிற் சவர்க்காரம் நுரைக்கவில்லை என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே முறைப்பாடு. கல்லுக் கரைந்த நீர், நுரைக்காது.

தோட்டத்தில் தந்தையாரும் அவனும் ஒரு முழுப் பிற்பகலைக் கழித்திருக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வயற்காரன் மகன் வெங்காயப் பாத்தியைப் பார்த்தான். தோட்டக்காரர் அவன் கைத்தொலைபேசியில் இருந்த அவர்கள் வயலின் படங்களைப் பார்த்தார். வாய்க்கால் நிறைய நீர் ஓடும் படமொன்றை அவர் விரலால் மறுபடி மறுபடி தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாராம்.

இருட்டிவிட்டது. வீட்டார் தேநீர் கொண்டு வந்து வைத்தார்கள். பையன் தான் கொண்டு வந்த பொதியை அப்போதுதான் நினைவுகூர்ந்து நீட்டினான். உள்ளே கித்துள் கருப்பட்டி, நண்பன் அனுப்பியது. "என்ர தமிழ்ச் சேருக்கு எண்டு அவன்தான் தந்துவிட்டவன்" என்றான். எனக்கு ஏன் என்று கேட்டேன். தயங்கிச் சொன்னான்: நண்பனுக்குத் தமிழ் எழுத்துப் படிக்க விருப்பம். இவன் கொப்பியைத் தானே வாசிக்க வேண்டுமாம். சிறுபிள்ளைகள் படிக்கும் அரிச்சுவடி ஒன்று ஆசிரியரிடம் இருக்கும், வாங்கிவா என்று சொல்லியிருக்கிறான்.

எழுந்து உள்ளே போய் அலுமாரியிலே தேடினேன். என் மகள் முதலாம் வகுப்பிற் படித்தது, மூலைகள் சிறிது கிழிந்தது, ஒன்று கிடைத்தது. அதனைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி அவனிடம் கொடுத்தேன். வண்டியின் பின்னிருக்கையில் வைத்துக் கயிற்றாற் கட்டினான். படலை வரைக்கும் கூடப் போனேன்.

"தம்பி, அடுத்த முறை வரும்போது சிங்கள அரிச்சுவடி ஒன்று வாங்கி வா."

"ஆருக்குச் சேர்? பள்ளிக்கூட நூலகத்துக்கோ?"

"எனக்கு" என்றேன்.